சட்டசபைக்குப் போன நண்டு

அந்த வருஷம் நான் இரண்டு விஷயங்களை முழுசாக நம்பினேன். ஒன்று, என்னைக் கடித்தது நல்ல பாம்பு. இரண்டு, சட்டசபையில் ஒருவர் எழுந்து ஒன்றைக் கேட்டால், பதில் சொல்ல எழுகிறவர் கேட்டதற்குத்தான் பதில் சொல்வார். முதல் நம்பிக்கை ஒரு சாயங்காலத்திலேயே தீர்ந்துபோனது. இரண்டாவது தீர இன்னும் கொஞ்சம் நாளானது. எது பெரிய முட்டாள்தனம் என்று கேட்டால், பாம்பை நம்பியதையாவது மன்னித்துவிடலாம் என்பேன். அதற்கு ஒரு கறுப்பு ஒயர் சாட்சி இருந்தது.

எனக்குத் தொழில் இரண்டு. குத்தகைக்கு எடுத்த நிலத்தில் சம்பா போடுவேன். மற்ற நாட்களில் மைக் செட் கட்டுவேன். கீழ்வேளூருக்குத் தெற்கே, பஸ் வந்து மூச்சு வாங்கிவிட்டு அப்படியே திரும்பிப் போகிற ஊர் எங்களுடையது. காதுகுத்து, கந்தூரி, கட்சிக் கூட்டம், சாவு எதுவானாலும் என் பெட்டிதான் பேசும். பெட்டி பேசாத நேரத்தில் நான் பேசுவேன். "இவன் வாய மூடணும்னா ஆம்ப்ளிஃபயர ஆஃப் பண்ணிப் பிரயோஜனம் இல்ல, மெயினையே புடுங்கணும்" என்பார் மளிகைக்கடை பாய். துபாயில் ரொம்ப வருஷம் லாரி ஓட்டிவிட்டு ஊர் திரும்பி, ஒரு கடையும் ஒரு குட்டியானை வண்டியுமாக உட்கார்ந்துவிட்டவர் அவர்.

அன்றைக்குப் பக்கத்து ஊரில் ஒரு காதுகுத்து. செட்டை அவிழ்த்துக்கொண்டு திரும்பும்போது பொழுது சாய்ந்துவிட்டது. வயலில் மடையைத் திறந்துவிட்டுப் போனது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பெட்டிகளை என் தள்ளுவண்டியோடு ரோட்டில் விட்டுவிட்டு, தோளில் சுருட்டி மாட்டியிருந்த ஒயரைக்கூட இறக்காமல் வரப்பில் இறங்கினேன். வெள்ளை வேட்டி, கழுத்தில் காதுகுத்து வீட்டுச் சந்தனம், தோளில் கறுப்பு ஒயர்ச் சுருள். சாகப்போகிறவனுக்கு அலங்காரத்தில் ஒரு குறையும் இல்லை.

மடையை மூட உட்கார்ந்து வரப்போரத்தில் காலை ஊன்றினேன். ஊன்றிய இடத்தில் ஒரு வளை. எங்கள் பக்கத்தில் வளை தோண்டுவது நண்டு. ஆனால் அதில் குடியிருப்பது யார் என்பதை யாரும் நிச்சயமாகச் சொல்ல முடியாது. நண்டு கட்டிய வீட்டில் பாம்பு வாடகை தராமல் வந்து படுத்திருக்கும். அதனால் வளைக்குப் பக்கத்தில் கால் வைத்துச் சுருக்கென்றால் எங்கள் ஊர்க்காரன் புத்தி நண்டுப் பக்கம் போகாது, நேராகப் பாம்புக்குத்தான் போகும். கட்டைவிரலுக்குப் பக்கத்தில் சுருக்கென்றது. குனிந்து பார்த்தேன். கறுப்பாக, நீளமாக, தண்ணீரில் நெளிந்துகொண்டு ஒன்று கிடந்தது.

ஓடினேன். அது துரத்தியது.

வாய்க்கு வந்தபடி சொல்லவில்லை, நிஜமாகவே துரத்தியது. நான் வேகமாக ஓடினால் அதுவும் வேகமாக வந்தது. நான் வாய்க்காலைத் தாண்டினால் அதுவும் தாண்டியது. திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் பின்னாலேயே இருந்தது. தோளிலிருந்த ஒயரின் ஒரு முனை நழுவித் தண்ணீரில் விழுந்ததும், மறுமுனை என் சட்டைக் காலரில் மாட்டிக்கொண்டிருந்ததும் மறுநாள்தான் தெரிந்தது. வரப்பு முடிகிற இடத்தில் ஒரு கருவைமுள்ளில் சிக்கி அது கழன்று விழுந்தது. நான் பாம்பைத் தோற்கடித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். ஓட்டம் பாய் கடை வாசலில்தான் நின்றது.

"பாய்! பாம்பு! நல்ல பாம்பு! தொரத்துது பாய்!"

"பாம்பு தொரத்துமாடா? கடன்காரனா அது?" என்றார் பாய். ஆனால் என் காலில் ரத்தத்தைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. ஓடிப்போய்க் குட்டியானையை எடுத்தார்.

அக்கா வீடு கடைக்குப் பக்கத்து வீடு. என் பெரியம்மா மகள். ஊரில் நடவுக்குப் போகிற பெண்களை ஒன்றுசேர்த்து அழைத்துப் போகிறவள் அவள்தான். என் சத்தம் கேட்டு ஓடி வந்தவள், என் காலைப் பார்த்ததும் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு வண்டியில் ஏறி என் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். அவள் புருஷன், அதாவது எங்கள் அத்தான், சில வருஷங்களுக்கு முன்னால் அறுப்புக் காலத்தில் பாம்பு கடித்துச் செத்துப்போனவர். அந்த நாளும் இதே மாதிரி ஒரு சாயங்காலம்தான்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் விளக்கு எரிந்தது. அதுவே எனக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது. உள்ளே ஒரே ஒரு நர்ஸ். அடுத்த அறையில் ஒரு பெண் பிரசவ வலியில் கத்திக்கொண்டிருந்தாள். அந்த நர்ஸ் அங்கேயும் இங்கேயுமாக ஓடிக்கொண்டிருந்தார்.

"டாக்டர் நாலு மணிக்கே கெளம்பிட்டாங்க" என்றார்.

"ஊசி?" என்றாள் அக்கா.

"இல்லீங்கக்கா. தீந்து போயி எழுதிப் போட்டிருக்கோம், இன்னும் வரல. இருந்தாலும் டாக்டர் இல்லாம நான் போட முடியாது. போட்டு ஏதாவது ஆச்சுன்னா யாரு பாக்குறது? நூத்தியெட்டுக்குச் சொல்லிட்டேன். வண்டி நாகப்பட்டினம் போயிருக்காம்."

அந்த நர்ஸ் மேல் எனக்கு அன்றைக்கும் கோபம் இல்லை, இன்றைக்கும் இல்லை. இரண்டு உயிர் அந்த அறையில், ஒரு உயிர் இந்த பெஞ்சில், நடுவில் அவர் ஒருவர். இந்தக் கணக்கைப் போட்டவர்கள் வேறு எங்கேயோ மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தார்கள்.

என் நிலைமை மோசமாகிக்கொண்டிருந்தது. பாம்பு கடித்தால் என்னென்ன ஆகும் என்று சாவு வீடுகளில் மைக் கட்டும்போது கேட்டுக் கேட்டு எனக்கு மனப்பாடம். அத்தனையும் வரிசையாக வந்தது.

"பாய், கண்ணு இருட்டுது."

"கரண்டு டிம்மா இருக்குடா."

"நாக்கு தடிக்குது பாய்."

"தடிச்ச நாக்கோட எப்படிடா இவ்வளவு தெளிவா பேசுற?"

"பெரிய பெட்டி ரெண்டும் எம் மவனுக்கு. அந்தக் கூம்பு ஸ்பீக்கர பள்ளிவாசலுக்குக் குடுத்துருங்க."

"அது ஒடஞ்சு கெடக்குறது. எங்களுக்கு எதுக்கு அது?"

அக்கா மட்டும் நான் படுத்திருந்த பெஞ்சின் விளிம்பைத் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "ஒங்க அத்தானயும் இதே பெஞ்சுலதான்டா படுக்க வச்சேன். இதையேதான் சொன்னாங்க. டாக்டர் இல்ல, ஊசி இல்ல."

அதற்கப்புறம் நான் கூம்பு ஸ்பீக்கரைப் பற்றிப் பேசவில்லை.

பாய் வண்டியிலேயே பெரிய ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டோம். ரயில்வே கேட் மூடியிருந்தது. அக்கா இறங்கிப்போய்த் தண்டவாளம் பக்கமாகவே பார்த்துக்கொண்டு நின்றாள். அத்தானுக்கு மூச்சு நின்றது அந்தக் கேட்டுக்கு முன்னால்தான். ரயில் வந்தது, போனது, கேட் திறந்தது, அவள் ஏறிக்கொண்டாள். அந்த நேரம் முழுவதும் நான் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, எனக்குத் தெரிந்த எல்லா சாமியையும் கூப்பிட்டேன். பாய் வண்டி என்பதால் அவர் சாமியையும் சேர்த்துக்கொண்டேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒரு சின்னப் பெண். கடித்த இடத்தைப் பார்த்தார். ரத்தம் எடுத்து ஒரு கண்ணாடிக் குழாயில் விட்டு, உறைகிறதா என்று பார்க்க வைத்தார். "ரெண்டு பல் பதிஞ்ச மாதிரி இல்லையே" என்றார். வேட்டியை உதறச் சொன்னார்கள். உதறியபோது மடிப்பிலிருந்து டக்கென்று ஒன்று தரையில் விழுந்தது. வயல் நண்டின் கொடுக்கு. முழுசாக, மூடின வாயோடு.

டாக்டர் அதைக் குச்சியால் எடுத்துப் பார்த்தார். "சார், ஒங்க பாம்புக்குக் கொடுக்கெல்லாம் இருக்கே" என்றார்.

பாய் சிரித்த சிரிப்பில் வார்டே எழுந்து உட்கார்ந்தது. அக்காவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்தவள் அப்படியே அழ ஆரம்பித்துவிட்டாள். திரும்பி வரும்போது வண்டியில் ஒரே ஒரு விஷயம்தான் சொன்னாள். "நண்டா இருந்ததால நீ திரும்பி வர்ற. பாம்பா இருந்தா?"

அந்தக் கேள்விதான் கேள்வி. அதற்கு அப்புறம் நடந்ததெல்லாம் அந்தக் கேள்வியை எப்படி எல்லோரும் சேர்ந்து நண்டாக்கினார்கள் என்பதுதான்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு என்னைத் தூக்கிக்கொண்டு போனதைப் பார்த்த யாரோ பத்திரிகைக்குச் சொல்லிவிட்டார்கள். திரும்பி வந்ததை யாரும் சொல்லவில்லை. "பாம்பு கடித்த விவசாயி கவலைக்கிடம், சுகாதார நிலையத்தில் மருந்து இல்லை" என்று வந்துவிட்டது. கவலைக்கிடமாக இருந்த விவசாயி அதை டீக்கடையில் பஜ்ஜி தின்றுகொண்டே படித்தான்.

அடுத்த வாரம் ஊரில் ரேஷன் கடைக்குப் புதுக் கட்டடம் திறக்க எங்கள் எம்.எல்.ஏ. வந்தார். மைக் நான்தான். அக்கா வயலிலிருந்து நேராகத் தன் ஆட்களோடு வந்து நின்றாள். எல்லோர் காலிலும் முழங்கால் வரை சேறு. கூட்டம் முடிந்ததும் எம்.எல்.ஏ. பக்கத்தில் போய்ப் பேசினாள்.

"ஐயா, எங்க ஆஸ்பத்திரியில பாம்புக்கடிக்கு மருந்து வேணும். அதப் போட ஒரு டாக்டர் வேணும். விடியறதுக்கு முன்னாடி நாத்து பறிக்க எறங்குறோம், பொழுது போயிதான் ஏறுறோம். பாம்பு டாக்டரு இருக்குற நேரம் பாத்தா வரும்?"

எம்.எல்.ஏ. சிரித்தார், தலையாட்டினார், என் தோளில் கை போட்டார். "இந்தத் தம்பி விஷயம் பேப்பர்லயே வந்துருச்சும்மா. சட்டமன்றத்துலயே கேக்குறேன்" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். நான் பாட்டுச் சத்தத்தைக் கூட்டினேன். உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. சென்னையில் ஒரு பெரிய மண்டபத்தில், மாண்புமிகு இன்னார் எழுந்து எங்கள் ஊர் பெஞ்சைப் பற்றிக் கேட்கப்போகிறார்!

இருந்தாலும் மனசு உறுத்தியது. அவர் கார் ஏறும்போது ஓடிப்போய்க் காதில் சொன்னேன். "ஐயா, என்னயக் கடிச்சது பாம்பு இல்லீங்க. நண்டு."

"பாம்பாவே இருக்கட்டும் தம்பி. நண்டுன்னு கேட்டா சபையில சிரிச்சுருவாங்க."

"அப்ப எங்க அத்தானப் பத்திக் கேளுங்களேன். அவர நெசமாவே பாம்பு கடிச்சுது. நெசமாவே செத்தாரு."

"அது பழசாச்சே தம்பி. பேப்பர்ல வந்தது ஒன்னோடதுதான."

கார் போய்விட்டது. செத்தவன் பழசு, சாகாதவன் புதுசு. எனக்கு அது அன்றைக்கு நியாயமாகக்கூடப் பட்டது என்பதை நினைத்தால் இப்போது என்னையே ஓங்கி அறையத் தோன்றுகிறது. பெரியவர், சபை நடைமுறை தெரிந்தவர், சரியாகத்தான் சொல்வார் என்று ஒயரைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

தை முடிகிற சமயம். சுகாதார நிலையத்துக்குத் திடீரென்று வெள்ளை அடித்தார்கள். வாசலில் பிளீச்சிங் பவுடரால் கோடு போட்டார்கள். எங்கள் ஊரில் அந்தக் கோடு விழுந்தால் யாரோ வருகிறார்கள் என்று அர்த்தம். கேள்வி சென்னையிலிருந்து மாவட்டத்துக்கு வந்துவிட்டது, பதில் தயார் பண்ண அதிகாரிகள் வருகிறார்கள் என்று நர்ஸ் சொன்னார். முதல் நாள் சாயங்காலம் வேறொரு ஊர் நிலையத்திலிருந்து ஐஸ் பெட்டியில் மருந்துக் குப்பிகள் வந்து இறங்கின. ஃப்ரிட்ஜில் முன்வரிசையில் அழகாக நின்றன. அக்கா போய்ப் பார்த்துவிட்டு வந்து, அன்றைக்கு ஊரிலுள்ள எல்லோருக்கும் சொன்னாள். "வந்துருச்சுடா! கேட்டா வருது பாரேன்!" என்று என் முதுகில் அடித்தாள்.

எனக்கோ வேறு கவலை. "உரிமை மீறல்" என்று ஒரு வார்த்தை எங்கேயோ கேட்டிருந்தேன். சபைக்குப் பொய் சொன்னால் பிடித்துக்கொண்டு போவார்கள் என்று ஞாபகம். சந்தேகத்தைப் பாயிடம் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"ஆமாடா. சென்னைக்கு அழச்சிட்டுப் போயி நடுச்சபையில நிக்க வப்பாங்க. எந்தக் கால்ல கடிச்சுச்சுன்னு ஒவ்வொரு எம்.எல்.ஏ.வா வந்து தொட்டுப் பாப்பாங்க. எதுக்கும் நகத்த வெட்டி வச்சுக்க."

வெட்டிக்கொண்டேன். இரண்டு கால் நகத்தையும்.

மறுநாள் ஜீப் என் வீட்டு வாசலில் நின்றது. சத்தம் கேட்டதும் கொல்லைப்பக்கம் போய் வைக்கோல் போருக்குப் பின்னால் நின்றேன். எங்கள் வீட்டம்மா, "இந்தாங்க, பின்னாடிதான் நிக்கிறாரு, இப்பக் கூப்புடுறேன்" என்று அதிகாரிக்கு வழி காட்டிவிட்டாள். தலையில் வைக்கோலோடு வந்து உட்கார்ந்தேன்.

"ஒங்களக் கடிச்சது எது?" என்றார் அதிகாரி.

"நண்டு சார். சத்தியமா நண்டு. நான் அப்பவே எம்.எல்.ஏ.கிட்ட சொல்லிட்டேன் சார்."

அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் மறக்கவே மாட்டேன். பக்கத்திலிருந்தவரைப் பார்த்தார். அவர் வேகமாக எழுதினார். இருவரும் டீ குடிக்கச் சம்மதித்தார்கள்.

கைது இல்லை என்று தெரிந்ததும் எனக்கு வாய் திரும்ப வந்தது. "சார், ஆனா அன்னிக்கு டாக்டர் இல்ல. மருந்தும் இல்ல. அதையும் எழுதிக்கிங்க."

"அது கேள்வியில இல்லீங்களே."

"மருந்து இல்லைன்னுதான சார் கேள்வியே?"

"பாம்பு கடிச்ச விவசாயிக்கு மருந்து இல்லைன்னுதான் கேள்வி. ஒங்களப் பாம்பு கடிக்கலியே. இப்ப மருந்தும் இருக்கு, நாங்களே கண்ணால பாத்துட்டு வர்றோம்."

"இந்த ஊர்ல ஒருத்தர் பாம்பு கடிச்சு செத்திருக்காரு சார். எங்க அத்தான்."

"சுகாதார நிலையத்துல செத்ததா பதிவு இல்லீங்களே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, பொறுமையாகத்தான் சொன்னார். பதிவு இருக்காதுதான். அத்தான் ரயில்வே கேட்டில் அல்லவா செத்தார். அங்கே யார் பதிவேடு வைத்திருக்கிறார்கள், கேட் கீப்பரா?

ஜீப் போன மறுநாள், ஐஸ் பெட்டியும் போனது. அக்கா விழுந்தடித்துக்கொண்டு ஓடினாள். "அது அவங்க ஊரு மருந்துக்கா. திருப்பி அனுப்பச் சொல்லிட்டாங்க. நமக்குன்னு வரும்" என்றார் நர்ஸ், அவளைப் பார்க்காமல்.

கேள்வி வந்த அன்றைக்கு நாங்கள் எல்லோரும் பாய் கடையில் கூடியிருந்தோம். பாய் செல்போனைப் பருப்பு மூட்டை மேல் சாய்த்து வைத்தார். சத்தம் பத்தாது என்று நான் என் பெட்டியில் இணைத்துவிட்டேன். சட்டசபை எங்கள் தெரு முழுக்கக் கேட்டது. அக்கா வேலைக்குப் போகாமல் முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். எம்.எல்.ஏ. எழுந்தார். பேரவைத் தலைவரை வணங்கினார். தன் தொகுதியில் ஓர் ஏழை விவசாயியைப் பாம்பு தீண்டியதையும், மருந்தின்றி அவர் உயிருக்குப் போராடியதையும் குரல் நடுங்கச் சொன்னார். எனக்கே என் மேல் பரிதாபமாக இருந்தது.

அமைச்சர் எழுந்தார். ஒரு தாளைப் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"மாண்புமிகு உறுப்பினர் குறிப்பிட்ட விவசாயியைக் கடித்தது பாம்பு அல்ல. நண்டு."

 மண்டபம் வெடித்தது. இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று பேதமே இல்லை. எந்த விஷயத்திலும் ஒன்றுசேராதவர்கள் என் நண்டுக்கு ஒன்றுசேர்ந்து மேசையைத் தட்டினார்கள்.

"உறுப்பினர் விரும்பினால் நண்டுக்கடிக்கும் மருந்து வாங்க அரசு பரிசீலிக்கும்" என்றார் அமைச்சர். மறுபடியும் சிரிப்பு. பின்னாலிருந்து யாரோ, "நண்டுக்கு மிளகு போட்டாலே போதுங்க" என்றது மைக்கில் தெளிவாக விழுந்தது. மாவட்டத்தில் மருந்து போதிய அளவு இருப்பில் உள்ளது, குறிப்பிட்ட நிலையத்தில் பாம்புக்கடியால் உயிரிழப்பு ஒன்றுகூட இல்லை என்று மீதியை வேகமாகப் படித்து முடித்தார். எங்கள் எம்.எல்.ஏ.வும் சிரித்தார். சிரித்துக்கொண்டே கையை விரித்துக் காட்டிவிட்டு உட்கார்ந்தார். அடுத்த கேள்வி ஏதோ பாலத்தைப் பற்றி.

கடை வாசலில் எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். சிரிப்பு வந்தால் சிரிக்கிற ஜென்மம் நான், என்ன செய்வது. அக்கா மட்டும் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாலத்துக்கும் பதில் சொல்லி முடித்த பிறகு கேட்டாள்.

"ஏன்டா, மருந்து வருமா வராதா? அதச் சொல்லவே இல்லியே?"

 பாய் போனை அணைத்தார்.

அக்காவின் அந்தக் கேள்வியைத்தானே அங்கே கேட்டிருக்க வேண்டும்? அதற்காகத்தானே இவர்களை அனுப்பினோம்? வெள்ளைச் சட்டையும் காரும் அலவன்ஸும் கொடுத்து, எங்களுக்கு வாய் எட்டாத இடத்தில் எங்களுக்காகப் பேசுங்கள் என்றுதானே அனுப்பினோம்? பாம்போ நண்டோ, ஓணானோ ஒயரோ, அந்த பெஞ்சில் ஒருவன் படுத்திருந்தபோது டாக்டர் இல்லை. இது ஒன்றுதான் விஷயம். இத்தனை பெரிய மண்டபத்தில் ஒரே ஒருவர் எழுந்து, "சரி, நண்டுதான். பாம்பாக இருந்திருந்தால்?" என்று கேட்டிருந்தால் போதும். எங்கள் அக்கா திரும்பி வரும்போது வண்டியில் கேட்டாளே, அதே கேள்வி. அதைக் கேட்க எந்தப் படிப்பும் வேண்டாம். என் பயத்துக்கு நான் பொறுப்பு, ஒயருக்கும் நான் பொறுப்பு. காலியாக இருந்த ஃப்ரிட்ஜுக்கு யார் பொறுப்பு? நண்டா?

அந்தத் துண்டு வீடியோ எல்லார் போனுக்கும் போனது. நான் பிரபலமாகிவிட்டேன். "நண்டு சவுண்ட் சர்வீஸ் எங்கங்க?" என்று கேட்டு ஆர்டர் கொடுக்க வந்தார்கள். நானும் கல்யாண வீடுகளில், "ஹலோ, மைக் டெஸ்டிங், சட்டமன்றப் புகழ் நண்டு பேசுகிறேன்" என்று ஆரம்பித்தேன். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. வயலில் யாருக்கு எது குத்தினாலும், முள்ளோ கல்லோ, "நண்டு, நண்டு" என்று ஒரு கூச்சல். வளைக்குப் பக்கத்தில் சுருக்கென்றால் பாம்பு என்று பதறி ஓடுகிற ஊர், ஒரே வருஷத்தில் நண்டு என்று சிரிக்கிற ஊராகிவிட்டது. பரம்பரை பரம்பரையாக எங்களைக் காப்பாற்றிவந்த பயம் அது. அதைச் சட்டசபையில் வைத்துக் கழற்றிவிட்டார்கள். கழற்றின இடத்தில் ஒரு குப்பி மருந்தைக்கூட வைக்கவில்லை. நான் அதற்கு மைக் பிடித்தேன்.

மறுபடியும் சம்பா வந்தது. என் வயலுக்கு நாற்று பறிக்க அக்கா ஆட்களோடு இருட்டோடு இறங்கினாள். நான் வரப்பில் டீ தூக்கோடு நின்றேன். குனிந்து பறித்துக்கொண்டிருந்தவள், "ஸ்" என்று கையை உதறினாள்.

"என்னக்கா?" என்றாள் பக்கத்தில் நின்ற பெண்.

"ஒண்ணுமில்லடி. எறும்பு கடிச்ச மாதிரி."

"அக்கா, சட்டசபைக்குத் தகவல் சொல்லிறவா?" என்றேன் நான்.

"சொல்லு, சொல்லு. மிளகு வாங்கி வைக்கச் சொல்லு" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். கையைத் தண்ணீரில் அலசிக்கொண்டு மறுபடி குனிந்தாள். வலி இல்லை, வீக்கம் இல்லை. கட்டுவிரியன் கடித்தால் அப்படித்தான் இருக்குமாம். பிறகு பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

இன்னும் சில கைப்பிடி நாற்றைப் பறித்து முடியாகக் கட்டினாள். வெளிச்சம் வந்தபோது வயிற்றைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தாள். "கண்ணத் தொறக்க முடியலடா. தொறந்துதான இருக்கேன்?" என்றாள். இமை இரண்டும் பாதி இறங்கியிருந்தன. நான் டீத் தூக்கைப் போட்டுவிட்டு ஓடினேன். இந்த முறை பின்னால் எதுவும் துரத்தவில்லை.

பாய் வண்டி. அதே நிலையம். அதே பெஞ்ச். அதே நர்ஸ். நாங்கள் கேட்பதற்கு முன்னாலேயே அவர் ஃப்ரிட்ஜைத் திறந்து காட்டினார். குழந்தைகளுக்குப் போடுகிற தடுப்பூசிகள் இருந்தன. டாக்டர் ஒன்பது மணிக்கு வருவார். அக்காவுக்கு அப்போதே எச்சில் விழுங்க முடியவில்லை. என்னிடம் ஏதோ கேட்டாள். வார்த்தை குழைந்துவிட்டது, எனக்குப் புரியவில்லை.

ரயில்வே கேட் அன்றைக்குத் திறந்துதான் இருந்தது. அதைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், பாய் வண்டியிலேயே, என் மடியில் அக்கா செத்துப்போனாள். வரும்போதே உயிர் இல்லை என்று பெரிய ஆஸ்பத்திரியில் எழுதிக்கொடுத்தார்கள். எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பாம்பு கடித்து இறந்தவர்கள் இன்றுவரை யாரும் இல்லை.